அடம்பன் கொடியைப் பிடுங்கியவர்கள் நாங்கள்

போன வருஷம் ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சாய்ந்தமருதுக் கடற்கரையைத் துப்புரவு செய்யப் போனோம். ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டுப் பேர். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீசேட், கையுறை, இரண்டு ரேக், ஐம்பது வெற்று உரப்பை, ஒரு பெனர். சொப்பிங் பேக், யோகட் கப், பம்பர்ஸ், ரெஜிபோம் பெட்டி, ஒற்றைச் செருப்பு என்று கிடந்ததையெல்லாம் பொறுக்கினோம். இரண்டு மணித்தியாலத்தில் முப்பது பை நிறைந்துவிட்டது.

பிறகுதான் அந்த வேலையைச் செய்தோம். 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோ போட வேண்டும். 'பின்' போட்டோவில் கடற்கரை துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். ஆனால் மேட்டு மண்ணில் பச்சையாக ஒரு கொடி படர்ந்து கிடந்தது. ஊதாப் பூ, ஆட்டுக் குளம்பு மாதிரி இலை. அதற்குள்ளே பொலித்தீன் சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமையில்லாமல் ரேக்கைப் போட்டு இழுத்தோம். கொடியும் வந்தது, குப்பையும் வந்தது. இடம் நல்லா வெளித்துவிட்டது.

தோணிக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தோம். அவர் ஏசவில்லை.

"மனெ, குப்பைய எடுக்கிறீங்க, அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். கொடிய ஏன் புடுங்கிறீங்க? இந்த மண்ண ஆரு புடிச்சி வெச்சிரிக்கிற எண்டு நினைக்கிறீங்க? நீங்களா, நானா?"

எங்களில் ஒருவன் மெல்ல, "இது என்ன கொடி மாமா?" என்று கேட்டான். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "அடம்பன் கொடி."

எங்களுக்குள்ளே ஒரு அமைதி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதும்போதெல்லாம் முதல் வரியில் இந்தப் பழமொழியைப் போட்டு மார்க்ஸ் வாங்கியவர்கள் நாங்கள். கொடியை நேரில் கண்டபோது குப்பை என்று பிடுங்கிவிட்டோம்.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

அடுத்த கிழமை பெனர் இல்லாமல் நாலு பேர் மட்டும் திரும்பிப் போனோம். பெரியவர் இருந்தார். அன்றைக்குக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்கும். தோணி கடலுக்குள்ளே அரைவட்டமாகப் போய் வலையை இறக்கிவிட்டு, மறுமுனையை வேறொரு இடத்தில் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மெல்ல மெல்ல இழுப்பார்கள். நாங்களும் கயிற்றைப் பிடித்தோம். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை எரிந்தது. மடி கரைக்கு வந்தபோது நெத்தலியும் சூடையும் துள்ளின. சம்மாட்டிக்கு ஒரு பங்கு, தொழிலாளிகளுக்கு ஒரு பங்கு. அதற்கு முன்னாடி, கயிற்றில் கைபோட்ட எல்லாருக்கும் ஒரு கறிக்கு மீன். எங்களுக்கும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார்கள். வேண்டாம் என்றோம். "கை வெச்சா எடுக்கணும், அதுதான் வழக்கம்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பொடியனும் ஒரு வயசான மனிசனும் எங்களைப் போலவே மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் விருந்தாளிகள் இல்லை. அவர்களுக்கு அன்றைய கறி அது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் போட்டுகள் கரையில் ஏறிக் கிடந்தபோது, ஊரில் எத்தனை வீட்டில் அந்தக் கறி மீன்தான் சட்டிக்குள்ளே போனது என்று பெரியவர் சொன்னார். சமுர்த்தி, அஸ்வெசும என்று படிவம் நிரப்பிப் பட்டியலில் பெயர் வருகிறதா என்று பார்த்து நிற்கிற உதவி ஒன்று. படிவம் இல்லாமல் கடல் கொடுக்கிறது இன்னொன்று. இரண்டாவதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

சூழலியல் பாடத்தில் இதற்கு 'சூழற்றொகுதிச் சேவைகள்' என்று ஒரு சொல் இருக்கிறது. இயற்கை நகரத்துக்கு இலவசமாகச் செய்யும் வேலைகள். நகரங்கள் ஒன்றோடொன்று கைகோர்த்து அந்த வேலைகளைப் பாதுகாத்தால் வறுமையையும் நிலையாகக் குறைக்கலாம் என்பது இப்போது உலகமெங்கும் பேசப்படுகிற விஷயம். பரீட்சைக்குப் பாடமாக்கிய அந்த வசனத்துக்கு நம்மட ஊரில் என்ன அர்த்தம் என்று அந்தக் கயிற்றைப் பிடிக்கும்வரை எங்களுக்குத் தெரியாது.

நம்மட ஊரின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிழக்கே கடல். நடுவில் பிரதான வீதி. மேற்கே கரைவாகு வட்டை, வயல், சதுப்பு, அதற்கப்பால் மட்டக்களப்பு வாவியின் தென்கோடிக்குப் போய்ச் சேரும் நீர். வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வரை இந்த ஒடுங்கிய கீற்றுக்குள்ளே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கிறோம். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். விரிய இடமில்லாத நகரம் இது.

அதனால் கடற்கரை மணலின் ஒவ்வொரு அடியும் முக்கியம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தார்கள். கடலுக்குள்ளே நீட்டிய அலைத்தடுப்புகள் கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. தெற்கில் மணல் சேர, வடக்கில் கரை கரைந்தது. ஒலுவிலில் தென்னந்தோப்பும் காணியும் கடலுக்குள்ளே போயின. நிந்தவூரிலும் கரையைக் கடல் தின்றது. மாளிகைக்காட்டில் மையவாடி மதிலையே கடல் அரித்த செய்தி வந்தபோது ஊரே கலங்கியது. கடலரிப்பு என்றால் உடனே வருகிற பதில் கருங்கல். லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுவது. சில இடத்தில் வேறு வழியும் இல்லைதான். ஆனால் கல் போட்ட கரையில் கரைவலை இழுக்க ஏலாது, வலை கிழிந்துவிடும். கரையைக் காப்பாற்றி, கரையில் வாழ்கிறவனின் தொழிலை இல்லாமலாக்குகிற காப்பாற்றல் அது. அடம்பன் கொடி துறைமுகத்தின் பிழையைத் திருத்தாது. ஆனாலும் காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, மேட்டைக் கட்டி வைக்கிறது. வலையையும் கிழிப்பதில்லை. அதற்கு டெண்டர் போட வேண்டிய தேவையும் இல்லை.

கடலை விட்டு மேற்கே வருவோம். எங்கள் கூட்டாளி ஒருத்தியின் மூத்தம்மா பன்பாய் இழைத்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

"வட்டையில பன் வெட்டிட்டு வருவம். காயவெச்சி, சாயம் போட்டு, செவப்பும் பச்சையுமா இழைப்பம். கலியாண வீட்டுக்கு, புள்ளப்பெத்த வீட்டுக்கு எல்லாத்துக்கும் பாய்தான். உன்ட உம்மாட காதுக்கு நான் செஞ்ச தோடு பாய் வித்த காசி. அவர்ட கையப் பாத்துட்டு இரிக்கல்ல."

"இப்ப ஏன் மூத்தம்மா இழைக்கிறல்ல?"

"பன் எங்க கா இரிக்கி? பன் நிண்ட இடத்தில இப்ப வீடு நிக்கிது."

இதைக் கேட்டு உடனே யார் மேலாவது பழி போட எங்களுக்கு மனம் வரவில்லை. 2004 டிசெம்பர் 26 கடல் ஊருக்குள்ளே வந்தபோது எங்களில் பலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். பத்தாயிரத்துக்கு மேல். அதற்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். கிழக்கே கடல், மேற்கே வட்டை என்றிருக்கிற கீற்றில் 200 மீற்றரை எடுத்துவிட்டால் மனிசர் எங்கே போவது? வட்டைக்குத்தான். கல்முனை கிறீன் பீல்ட், சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமம் எல்லாம் தாழ்ந்த நிலத்தை மண் போட்டு உயர்த்திக் கட்டிய குடியிருப்புகள். வீடு இழந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. அதைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. சுனாமிக்காக நிரப்பியது போக, காசுக்காகவும் நிரப்பத் தொடங்கினோம். இன்றைக்கும் இரவில் டிப்பர் போகிறது. ஒரு வயலை நிரப்பினால் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும், பிறகு அவரும் நிரப்புவார். மாரியில் மேற்கேயிருந்து வருகிற வெள்ளம் வட்டையில் பரந்து நின்று, ஆறி, தோணாவால் கடலுக்குப் போக வேண்டும். வட்டை சுருங்கிவிட்டது. தோணாவில் சல்வீனியாவும் வீட்டுக் குப்பையும் கோழிக்கடைக் கழிவும். ஒவ்வொரு மாரிக்கும் தண்ணீர் முட்டிய பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். நாங்கள் நின்று வீடியோ எடுப்போம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் ஒரு மாரியில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். அவளுடைய ஏ.எல். குறிப்புகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. அவள் வீடு நிற்பதும் நிரப்பிய காணியில்தான். அவளே சொல்கிறாள்: "நம்மட வீட்டுத் தண்ணிய நம்மதான் கூப்பிட்டம்."

வெள்ளம் சபை எல்லை பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 26 மாவடிப்பள்ளியில், மதரஸாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனது. நிந்தவூரில் ஓதிய பிள்ளைகள், சம்மாந்துறைப் பக்கத்து வீடுகள், இடையில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதி. அந்த ஒரு பயணத்துக்குள்ளே எத்தனை பிரதேச சபை! அந்தக் கிழமை எல்லா ஊரும் சேர்ந்து தேடியது, எல்லா ஊரும் சேர்ந்து அழுதது. தண்ணீர் வடிந்த பிறகு எல்லாரும் அவரவர் எல்லைக்குள்ளே திரும்பிவிட்டோம்.

எல்லையைப் பற்றிப் பேசாமல் கல்முனையைப் பற்றிப் பேச ஏலாது. நாலு சபைகளாக இருந்த ஊர்கள் 1987இல் ஒன்றாக்கப்பட்டன. 2001இல் மாநகர சபை வந்தது. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று ஒரு போராட்டம். 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வந்து, பட்டாசு ஓயுமுன்னே நிறுத்தியும் ஆயிற்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழுமையாகத் தரமுயர்த்த வேண்டும் என்று தமிழ் மக்களின் இன்னொரு போராட்டம். ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது, பழைய காயமும் இருக்கிறது. இதற்கு நடுவில் 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6 நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, நீதிமன்ற வழக்கு இருந்ததால் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. 'நகரங்கள் கைகோர்க்க வேண்டும்' என்று படிக்கிறோம். கோர்ப்பதற்கு இந்த நகரத்துக்குத் தெரிவான கையே இல்லை.

ஆனாலும் நம்மட ஊர்கள் எல்லாம் ஒற்றுமையாகச் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. குப்பை கொட்டுவது. அன்றைக்கு நாங்கள் கட்டிய முப்பது பையும் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு போனபோதுதான் இது தெரிந்தது. அட்டாளைச்சேனைப் பக்கம், ஒலுவிலுக்கு மேற்கே பள்ளக்காடு. நாங்கள் படிக்கிற கெம்பஸிலிருந்து அவ்வளவு தூரமில்லை. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, மீள்சுழற்சி செய்யலாம் என்று தொடங்கிய இடம். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே வந்தது, மீள்சுழற்சி நடக்கவில்லை. மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதாகி, திருத்தப்படாமல் கிடந்தது. யானைகள் வரத் தொடங்கின. எட்டு வருஷத்தில் ஏறத்தாழ இருபது யானை பிளாஸ்டிக் தின்று செத்தன என்று 2022 ஜனவரியில் உலகமெல்லாம் செய்தி வந்தது. அப்போது நாங்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்து, அழுகிற முகம் போட்டோம். அந்த யானையின் வயிற்றில் இருந்தது நம்மட வீட்டு லன்ச் சீற்றாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த யானை ருசி கண்டு வயலுக்கும் வளவுக்கும் வரும்போது நட்டப்படுவது யார்? கூலிக்கு வயல் செய்கிறவரும், ஓலை வேலி வளவில் வாழை வைத்திருக்கிற கைம்பெண்ணும்தான். கரை கரைந்தால் கரைவலைக்காரன், வட்டை நிரம்பினால் பாய் இழைக்கிற பெண், குப்பை குவிந்தால் காட்டோரத்து விவசாயி. நகரம் இயற்கையைக் கெடுக்கிற ஒவ்வொரு முறையும் பில் ஏழையின் வீட்டுக்குப் போகிறது.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று தேடினோம். தென்னாபிரிக்காவில் டேர்பன் மாநகரம். அங்கேயும் ஒரு பெரிய குப்பைமேடு, பஃபல்ஸ்ட்ராய் என்ற இடத்தில். அதைச் சுற்றிக் கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தில் 2008இல் மாநகர சபையும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து நாட்டு மரக்காடு வளர்க்கத் தொடங்கின. 2010 உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்தின் கரியமிலப் புகைக்கு ஈடு செய்வது நோக்கம். எங்களுக்குப் பிடித்தது அவர்கள் செய்த விதம். மரக்கன்றைக் கம்பெனியில் வாங்கவில்லை. குப்பைமேட்டைச் சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்கள் வீட்டு முற்றத்தில் விதை போட்டுக் கன்று வளர்த்தன. அந்தக் கன்றைக் கொடுத்துச் சாப்பாட்டுச் சாமானும் பள்ளிக்கூடக் கட்டணமும் பெற்றுக்கொண்டன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்த பிறகு, சதுப்பு நிலம் வீண் நிலம் இல்லை, நகரத்தின் வெள்ளத்தைக் குடிக்கிற வயிறு என்று கொழும்பு விளங்கிக்கொண்டது. மிஞ்சிய சதுப்பைக் காக்கத் திட்டம் போட்டது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் பெற்றது. பலாங்கொடை நகர சபை ஊர்க் குப்பையில் பசளை செய்து விற்கிறது. நம்மட நாட்டில் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. நம்மைச் சுற்றியோ வயல். 2021இல் உரம் இல்லாமல் விவசாயி தவித்தபோதும், மீன் தலையையும் மரக்கறித் தோலையும் டீசல் செலவழித்துப் பள்ளக்காட்டுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் வைத்து நாங்கள் ஒரு பெரிய திட்டம் எழுதவில்லை. கேட்கத் தோன்றுவது மூன்றுதான். ஒன்று, தனிச் சபையா ஒரே சபையா என்ற தீர்ப்பு வரும் நாளில் வரட்டும். அதுவரை தோணாவுக்கும் வட்டைக்கும் குப்பைக்கும் கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, நாவிதன்வெளி எல்லாம் சேர்ந்த ஒரு மேசை வேண்டும். குப்பைக்குச் சேர முடிந்தவர்களுக்கு இதற்கும் சேர முடியும். இரண்டு, அந்த மேசையில் கரைவலைச் சங்கத்துக்கும் பாய் இழைக்கிற, கோழி வளர்க்கிற பெண்களுக்கும் கதிரை வேண்டும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பிரிக்காத கதிரை. பாண்டிருப்பின் மணலும் மருதமுனையின் மணலும் ஒரே கடல் போட்டதுதான். மூன்று, மிஞ்சியிருக்கிற வட்டையில் இனி ஒரு டிப்பர் மண்ணும் விழக்கூடாது. முதல் இரண்டையும் கேட்பது எளிது. மூன்றாவதைக் கேட்டால் நம்மட மாமாமாரும் சாச்சாமாரும் கோபிப்பார்கள், ஏனென்றால் பல காணி நம்மட குடும்பங்களுடையது. அந்தக் கோபத்தை வாங்கத் தயாரா என்பதுதான் எங்களுக்குள்ளே இன்னும் முடியாத பேச்சு. ஒருத்தன் இந்தப் பந்தியை எடுத்துவிடச் சொன்னான். எடுக்கவில்லை.

ஒக்டோபரில், மழை தொடங்கும் நேரம் பார்த்து, மறுபடியும் கடற்கரைக்குப் போனோம். நாங்கள் பிடுங்கிய இடம் தனியாகத் தெரிந்தது. காற்று மண்ணை வழித்துக் குழியாக்கியிருந்தது. தள்ளி வளர்ந்திருந்த கொடியிலிருந்து முழ நீளத்துக்குத் துண்டு வெட்டி, கணு மண்ணுக்குள்ளே இருக்கும்படி புதைக்கப் பெரியவர்தான் காட்டித் தந்தார். நாற்பது துண்டு வைத்தோம். போட்டோ எடுக்கவில்லை. எடுத்தாலும் அதில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது, மண்ணில் நாற்பது காய்ந்த கயிற்றுத் துண்டு கிடந்த மாதிரித்தான் இருந்தது.

டிசெம்பர் கடல் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஜனவரியில் போய் எண்ணினோம். பதினேழு தளிர்த்திருந்தது. மனம் சோர்ந்து பெரியவரிடம் சொன்னோம்.

"பதினேழா?" என்றார். "காணும் மனெ. அது தன்ட பாட்டில படரும். நீங்க திரும்பப் புடுங்காம இரிங்க, அது போதும்."